சுக்கா கட்டி அதில் ஏழு நாள் வாழ: முழுமையான வழிகாட்டி

யூதர்களின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் நோன்பு முடியும் இரவுக்கும் சுக்கோத் பண்டிகை தொடங்கும் மாலைக்கும் நடுவே இருப்பது நான்கே பகல்கள். அதற்குள் வீட்டுக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ், ஒரு தற்காலிகக் குடில் எழுந்து நிற்க வேண்டும். அதுதான் சுக்கா. தமிழ் பைபிளில் கூடாரப் பண்டிகை என்று படித்திருப்பீர்களே, அது இதுதான். நியூ ஜெர்சியில் யூத நண்பர்கள் வீட்டுக் கொல்லையிலும் அவர்களுடைய ஜெபக்கூட முற்றத்திலும், இலையுதிர்காலம் வந்தாலே இந்த வேலையில் நானும் கைகொடுப்பது வழக்கமாகிவிட்டது.

புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏறக்குறைய எல்லாருமே சுவரில் தொடங்குகிறார்கள். எந்தத் துணி, எத்தனை அடி, வாசல் எந்தப் பக்கம் என்று பேசிப் பேசி முடித்து, கடைசியில் மேலே பார்த்தால் ஒரு மேப்பிள் மரக்கிளை சுக்காவின் பாதியை மூடிக்கொண்டு நிற்கும். சுக்காவைத் தரையிலிருந்து யோசிக்கக் கூடாது, வானத்திலிருந்து யோசிக்க வேண்டும். கூரை கடைசியில்தான் ஏறும், ஆனால் முதல் முடிவிலிருந்து கடைசி முடிவு வரை எல்லாமே அந்தக் கூரைக்காகத்தான். கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் அமைந்தது.

யூதக் குடும்பத்தில் மணம் செய்துகொண்டவர்கள், நண்பர் வீட்டில் உதவப் போகிறவர்கள், பக்கத்து வீட்டில் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எல்லாருக்கும் இது பயன்படும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அளவுகளிலும் வழக்கங்களிலும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபாடு உண்டு. சந்தேகம் வந்தால் அந்த வீட்டாரின் ரப்பி, அதாவது யூத மதகுரு, சொல்வதே முடிவு.

1. முதலில் நாட்காட்டியைத் திறங்கள்

சுக்கோத் எபிரேய நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் நாள், அதாவது முழுநிலவு நாள். 2026இல் அது செப்டம்பர் 25 வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்குகிறது. யூத நாள் மாலையில் தொடங்குவதால், வேலையை முடிக்க வேண்டிய கெடு அந்த வெள்ளி பிற்பகல், சனிக்கிழமை காலை அல்ல.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், இஸ்ரேலில் முதல் நாளும் வெளிநாடுகளில் முதல் இரண்டு நாட்களும் புனித நாட்கள். கட்டுவது, முடிச்சுப் போடுவது, விளக்கைப் போட்டு அணைப்பது எதுவும் கூடாது. அன்று கூரை சரிந்தால் வீட்டுக்காரர் தூக்கி வைக்க முடியாது. ஆகவே வேலையை ஒரு நாள் முன்பே முடித்து, ஓர் இரவு காற்றில் விட்டுப் பாருங்கள். எது தளர்கிறது, எது ஆடுகிறது என்பது மறுநாள் காலையில் தெரிந்துவிடும்.

நோன்பு முடிந்த இரவே முதல் வேலையைத் தொடங்குவது பல வீடுகளில் வழக்கம். ஒரு கட்டையை நட்டாலும் போதும், ஒரு கடமையை முடித்த கையோடு அடுத்ததைத் தொடங்கியாயிற்று.

2. அண்ணாந்து பாருங்கள்: இடம் தேர்வு

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரையைப் பார்க்காதீர்கள். நினைத்திருக்கும் இடத்தின் நடுவில் நின்று நேரே மேலே பாருங்கள். மரக்கிளை, பால்கனி, கூரைச் சரிவு, கார் நிறுத்தும் கொட்டகையின் நீட்சி எதுவும் தலைக்கு மேல் இருக்கக் கூடாது. மரத்தடியில் கட்டிய சுக்கா வீட்டுக்குள் கட்டியதைப் போல என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. மரமும் நிழல்தானே, அதுவும் இயற்கைதானே என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் வேரோடு நிற்கும் மரம் தானாக வளர்ந்து தரும் நிழல் இது அல்ல. வெட்டியெடுத்த தழையை மனிதன் தன் கையால் வேய்ந்து, அதற்கும் வானத்துக்கும் நடுவே வேறெதுவும் இல்லாமல் உட்கார வேண்டும்.

கிளையை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கூரை போடுவதற்கு முன்பே வெட்டுங்கள். பிறகு வெட்டினால் போட்ட தழையைத் தூக்கித் தூக்கி மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். மேல்மாடிக்காரரின் பால்கனி உங்கள் பால்கனியை மூடியிருந்தால் அங்கே கட்டுவதில் பயனில்லை. ஜெருசலேமின் பல குடியிருப்புகளில் பால்கனிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைக்காமல் படிப்படியாகத் தள்ளி வைத்துக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு வானம் வேண்டும் என்பதற்காகவே. அந்த வசதி இல்லாதவர்கள் பொது முற்றத்தைக் கேட்டு வாங்குங்கள். நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

வானம் சரி என்றால் அப்புறம் தரை. சமமாக இருக்கிறதா, மழை பெய்தால் தண்ணீர் தேங்குமா, சமையலறையிலிருந்து எவ்வளவு தூரம்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஏழு நாளும் சாப்பாடு அங்கேதான். சமையலறை தூரமாக இருந்தால் மூன்றாம் நாளே வீட்டாருக்கு வெறுத்துப்போகும்.

3. கையில் இருக்க வேண்டியவை

சட்டத்துக்கு மரக்கட்டைகள் அல்லது இரும்புக் குழாய்கள். சுவருக்கு ஒட்டுப்பலகை அல்லது கெட்டித் துணி. துணி என்றால் அதை இழுத்துக் கட்டக் கூடுதலாகப் பட்டைகள். கூரையைத் தாங்க மரச் சட்டங்கள், கூரைக்கு மூங்கில் கழிகள், பாய் அல்லது தழை. சணல் அல்லது பருத்திக் கயிறு. இரண்டு ஏணிகள். ஒரே ஏணியை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், நீளமான கழியை ஒருவராகத் தூக்கி வைக்க முடியாது.

அளவு: 8க்கு 12 அடி இருந்தால் ஒரு நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நெருக்கி உட்காரலாம். விதிப்படி ஒருவர் தலையும் உடலின் பெரும்பகுதியும் ஒரு சிறு மேசையும் கொள்ளும் அளவு இருந்தாலே செல்லும், ஆனால் விருந்தினரை அழைக்காத சுக்காவை நான் பார்த்ததில்லை. நாற்காலிகளைப் போட்டு அளந்துவிட்டுப் பிறகு கட்டை வாங்குங்கள்.

யூதர் அல்லாதவர்கள் ஒரு தகவலைத் தெரிந்துகொள்ளலாம். வேற்று மக்கள் கட்டிய சுக்காவும், நிழலுக்காக வேயப்பட்டதாக இருந்தால் செல்லும் என்பது, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் சொல்வது. ஆகவே தயங்காமல் சுத்தியலை எடுக்கலாம். கூரைத் தழையை மட்டும் வீட்டுக்காரரே போட விரும்பினால் அந்த இடத்தில் விலகி நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. சட்டமும் சுவர்களும்

சுவர் கூரைக்கு முன் வர வேண்டும். இது வெறும் கட்டுமான வசதி அல்ல. சுவர் இல்லாத இடத்தில் தழையைப் பரப்பினால் அது இன்னும் சுக்காவின் கூரையே அல்ல. பின்னால் சுவரை ஒட்டவைத்து அதைக் கூரையாக்குவது முறையல்ல. சுக்கா செய்யப்பட வேண்டும், ஏற்கெனவே கிடந்த ஒன்று சுக்காவாக மாறிவிடக் கூடாது என்பது இதன் பின்னால் இருக்கும் சட்டம்.

விதி கேட்பது இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு சிறு பகுதியும்தான். ஆனால் முடிந்தால் நான்கு பக்கமும் கட்டுங்கள். அக்டோபர் காற்றில் இரண்டரைச் சுவருக்குள் சூப் குடிப்பது கஷ்டம், தவிர அந்த மூன்றாம் சுவரின் கணக்கு நுணுக்கமானது.

உயரம் குறைந்தது பத்துக் கையகலம், அதாவது 80 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை. அதிகபட்சம் இருபது முழம், 9 மீட்டருக்குச் சற்று மேல். அதற்கு மேல் போனால் கண் கூரையை எட்டாது என்பது ஒரு காரணம்; உட்கார்ந்திருப்பவருக்குத் தழை தெரிய வேண்டும். சுவரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இந்த ஒரு சாண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சுக்கா முழுக்க அது திரும்பத் திரும்ப வரும். கையகலம் மூன்றும் ஏறக்குறைய ஒரு சாண்தான்.

சுவர் எதனாலும் இருக்கலாம், சாதாரணக் காற்றைத் தாங்கினால் போதும். யானையைக் கட்டி நிறுத்திச் சுவராக்கலாமா என்று தல்மூத் விவாதித்து, கட்டிய யானை சுவராகச் செல்லும், அது செத்து விழுந்தாலும் உடலின் உயரமே பத்துக் கையகலம் தேறும் என்று முடிவு சொல்கிறது. அதாவது சுவருக்கு இயற்கைப் பொருளாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, அந்த நிபந்தனை கூரைக்கு மட்டும்.

துணிச் சுவரில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கடையில் வாங்கிய சட்டத்தில் துணியை மேலும் கீழும் மாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், காற்றில் அது பாய்மரம் மாதிரி உப்பும். ஆடும் சுவரைச் சுவராக ஏற்பதில் கேள்வி எழுகிறது. தீர்வு எளிது: தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் வரை, ஒவ்வொரு 20 செ.மீ.க்கும் ஒரு பட்டையைக் கம்பத்துக்குக் கம்பம் இறுக்கமாக இழுத்துக் கட்டுங்கள். ஒரு சாணுக்குக் குறைந்த இடைவெளி மூடியதாகவே கணக்கிடப்படும், ஆகவே அந்தப் பட்டைகளே சட்டப்படி சுவர் ஆகிவிடும். துணி வெறும் காற்றுத் தடுப்பு.

மூலைகளைக் கட்டிய பிறகு சட்டத்தை ஒரு முறை தோளால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மூலைக்கு ஒரு குறுக்குக் கட்டை. முடிந்தால் ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

5. கூரை: இங்கே அவசரப்படாதீர்கள்

கூரைக்குப் பெயர் ஸ்காக். இதற்கு நிபந்தனை மூன்று. மண்ணில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். மண்ணிலிருந்து வெட்டியெடுத்ததாக இருக்க வேண்டும். உணவாகவோ பாத்திரமாகவோ கருவியாகவோ ஆகியிருக்கக் கூடாது.

இரண்டாவதைப் பலர் மறக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் திராட்சைக்கொடியை இழுத்துக் கூரைமேல் படரவிட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேர் மண்ணில் இருக்கும்வரை அது ஆகாது. திராட்சை, சுரை, ஐவிக் கொடி என்று மிஷ்னா பெயர் சொல்லியே விலக்குகிறது. மூன்றாவது நிபந்தனையால் மக்காச்சோளத் தட்டையைப் போடும்போது கதிரை ஒடித்துவிட வேண்டும்.

பாய் விஷயத்தில் கவனம். படுக்கவோ உட்காரவோ செய்த பாய் ஆகாது, கூரைக்கென்றே செய்தது ஆகும். தோட்டக் கடையில் கிடைக்கும் மூங்கில் தட்டி பெரும்பாலும் வேலிக்காகச் செய்தது, கம்பியாலோ நைலானாலோ தைத்தது. சுக்காவுக்கென்றே, இயற்கை நூலால் கட்டி, ரப்பிகளின் சான்றோடு வரும் பாய்கள் உண்டு, அதையே வாங்குங்கள். கொச்சி யூதர்கள் தென்னங்கீற்றால் வேய்ந்தார்கள். கீற்றுப் பந்தல் போட்டுப் பழகிய கைக்கு இந்த வேலை உடனே பிடிபடும், ஆனால் பந்தலுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம்: பந்தலை வெயில் விழாதபடி அடைத்து வேய்வோம், இதை அடைக்கக் கூடாது.

எவ்வளவு அடர்த்தி? வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும், இது கீழ் எல்லை. இரவில் பெரிய நட்சத்திரங்களாவது தெரிய வேண்டும், இது நல்ல மேல் எல்லை. மழையே இறங்காதபடி வேய்ந்தால் அது வீடாகிவிடும், கூடாது என்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவேதான் சுக்காவின் உயிர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நிழல் வேண்டும், காப்பு உண்டு; ஆனால் முழுக் காப்பு இல்லை, மேலே ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும்படி வேய வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரயேலரைக் காத்தவை உண்மையான குடில்களா, கடவுள் விரித்த மேகங்களா என்று ரப்பி அகிவாவும் ரப்பி எலியேசரும் தல்மூதில் வேறுபடுகிறார்கள். இந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்தால் இரண்டும் சரி என்றுதான் படும்.

வேலையின் வரிசை இது. முதலில் சட்டத்தின்மேல் மரச் சட்டங்களைக் குறுக்கே வையுங்கள். இரும்புச் சட்டத்தின்மேல் தழையை நேரடியாக வைப்பதைத் தவிர்ப்பார்கள், தாங்குவது இரும்பானால் நாளை யாராவது இரும்பையே கூரையாகப் போட்டுவிடலாம் என்ற எச்சரிக்கைதான் காரணம். அடுத்து மூங்கில் கழிகள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக. அதற்குமேல் பாய் அல்லது தழை. கடைசியாக, பாயின்மேல் கனமான கழிகள் சில, காற்றில் தூக்காமல் இருக்க. கட்ட வேண்டிய இடத்தில் சணல் கயிறு. பிளாஸ்டிக் கட்டுப்பட்டையும் இரும்புக் கம்பியும் வேண்டாம். அகலமான பலகைகளையும் விட்டுவிடுங்கள், வீட்டுக் கூரையின் சாயல் வந்துவிடும்.

முடித்ததும் உள்ளே போய் மேலே பாருங்கள். ஒரு சாண் அகலத்துக்கு முழுதும் திறந்த பட்டை எங்காவது ஓடுகிறதா? பெரும்பாலும் சுவரும் கூரையும் சேரும் ஓரத்தில்தான் இருக்கும், பாய் குட்டையாகப் போயிருக்கும். அங்கே இரண்டு கழி சேருங்கள். அப்புறம் நண்பகலில் மேசையின்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நிழல் அதிகமா வெளிச்சம் அதிகமா என்று பாருங்கள். கணக்குப் போட வேண்டாம், கண்ணே சொல்லிவிடும்.

பச்சைத் தழை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் நாள் அடர்த்தியாகத் தெரிவது நான்காம் நாள் சுருண்டு, நிழல் பாதியாகிவிடும். பைன் கிளை வாசனையாக இருக்கும், ஆனால் ஊசி இலை தட்டில் உதிரும். இலை உதிர்க்கும் தழையையும் நாற்றமடிக்கும் தழையையும் வேண்டாம் என்பதே பழைய அறிவுரை, அங்கே உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடக் கூடாதே என்பதற்காக.

6. விளக்கும் அலங்காரமும்

சுவரில் என்ன வேண்டுமானாலும் மாட்டலாம். கூரையிலிருந்து தொங்கவிடுபவை கூரையை ஒட்டியே, ஒரு சாணுக்குள் இருக்கட்டும். தழைக்குக் கீழே துணியையோ பிளாஸ்டிக் தாளையோ விரிப்பது பெரிய தவறு, அழகுக்காக என்றாலும். இப்போது உங்கள் தலைக்கு மேல் இருப்பது தழையல்ல, துணி.

மோசேயின் ஐந்து நூல்களான தோரா இஸ்ரயேல் மண்ணுக்குச் சிறப்பாகச் சொல்லும் ஏழு விளைச்சல்களைக் கட்டித் தொங்கவிடுவது அழகான வழக்கம்: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை. வடக்கு நாடுகளில் பழுத்த பழம் குளவியைக் கூப்பிடும், ஆகவே மாதுளையும் கதிர்களும் போதும். தொங்கவிட்டதைப் பண்டிகைக்குள் பறித்துத் தின்னக் கூடாது என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

விளக்கு குளிர்ந்த ஒளி தருவதாக, தழையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். காய்ந்த தழை தீப்பிடிக்க ஒரு நொடி போதும். மெழுகுவர்த்தியை வீட்டுக்குள் ஏற்றிக்கொள்வதே பாதுகாப்பு. ஷப்பாத் என்னும் சனிக்கிழமை ஓய்வு நாளிலும் புனித நாட்களிலும் சுவிட்சைத் தொட மாட்டார்கள், அதனால் நேரக் கருவியை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள்.

7. நான்கு செடிகள்: வாங்குவது, கட்டுவது, காப்பது

சுக்கோத்தில் கையில் எடுப்பவை நான்கு. எத்ரோக் என்பது தடித்த தோலுள்ள, நம் நார்த்தங்காய்க்கு உறவான மஞ்சள் கனி. லூலாவ் பேரீச்சையின் விரியாத குருத்தோலை. ஹதாஸ் என்னும் மிர்ட்டில் கிளை மூன்று. அராவா என்னும் ஆற்றுப்பாலைக் கிளை இரண்டு.

எத்ரோக்கின் நுனியில் சிறு காம்பு போல் நீட்டியிருப்பது பிதாம். அது இருந்து உடைந்திருந்தால் வாங்காதீர்கள், இயல்பாகவே இல்லாமல் வளர்ந்த கனி செல்லும். துளையும் கறையும் இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாக நுனியை நோக்கிக் குறுகும் பகுதியில். லூலாவின் நடு ஓலை நுனியில் பிளந்திருக்கக் கூடாது. ஹதாஸில் ஒரே கணுவிலிருந்து மூன்று இலைகள் கிளம்புகின்றனவா என்று பாருங்கள்.

கட்டும்போது லூலாவின் முதுகெலும்பு உங்களைப் பார்க்கட்டும். வலப்பக்கம் மூன்று ஹதாஸ், இடப்பக்கம் இரண்டு அராவா, ஹதாஸ் சற்று உயரமாக. லூலாவ் இவற்றுக்கு மேல் ஒரு கையகலமாவது நீட்டி நிற்க வேண்டும். லூலாவின் ஓலையையே கிழித்து முடிச்சுப் போடலாம், முடைந்த கூட்டிலும் செருகலாம்.

இந்த நான்கையும் பற்றி, பழைய வேத விளக்கத் தொகுப்பான மிதராஷ் இரண்டு விளக்கம் தருகிறது. எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு, பேரீச்சைக்குச் சுவை மட்டும், மிர்ட்டிலுக்கு மணம் மட்டும், ஆற்றுப்பாலைக்கு இரண்டும் இல்லை. கல்வியும் நற்செயலும் உள்ளவர், ஒன்று மட்டும் உள்ளவர், இரண்டும் இல்லாதவர் என மனிதரும் அப்படியே. ஒன்றும் இல்லாத கிளையை விட்டுவிட்டால் கடமை நிறைவேறாது. இன்னொன்று உடலைச் சொல்வது: ஓலை முதுகெலும்பு, மிர்ட்டில் இலை கண், ஆற்றுப்பாலை இலை வாய், எத்ரோக் இதயம்.

எனக்குப் பிடித்தது தல்மூதில் தஆனித் பகுதியில் வருவது. இந்த நான்கும் தண்ணீரில்லாமல் வாழாதவை, உலகமும் தண்ணீரில்லாமல் வாழாது. ஆகவே தண்ணீருக்காக மன்றாட இவற்றையே கையில் எடுக்கிறோம். இஸ்ரேலில் கோடை முழுக்க மழை இல்லை. ஆண்டின் மழை தொடங்க வேண்டிய வாசலில் இந்தப் பண்டிகை நிற்கிறது, சுக்கோத்தில்தான் உலகத்தின் தண்ணீர் தீர்மானிக்கப்படுகிறது என்கிறது மிஷ்னா. இதைத் தெரிந்துகொண்டு கிளையைப் பிடித்தால் பிடி வேறு மாதிரி இருக்கும்.

தண்ணீருக்கு ஏங்குவதில் ஆற்றுப்பாலை முதல். வெளியே வைத்தால் சீக்கிரமே கருகும். ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், நடுவில் புதிய கிளை கிடைத்தால் மாற்றுங்கள். ஆனால் வாளித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடாதீர்கள், இலை அழுகி உதிரும். எத்ரோக்குக்கு ஈரம் வேண்டாம், அடிபடாமல் இருந்தால் போதும்.

8. அசைக்கும் முறை

லூலாவ் கட்டு வலக்கையில், எத்ரோக் இடக்கையில். ஆசிமொழி சொல்லும்போது எத்ரோக்கைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், முடிந்ததும் நிமிர்த்துவார்கள். காரணம், ஆசிமொழி செயலுக்கு முன் வர வேண்டும். நான்கையும் வளர்ந்த திசையில் பிடித்த நொடியே செயல் முடிந்துவிடும். புதியவர்கள் இங்கேதான் முந்திக்கொள்கிறார்கள்.

பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து ஆறு திசைகளிலும் நீட்டி, மெல்ல அசைத்து, நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர் வீடுகளில் பரவலான வரிசை கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேல், கீழ். வேறு வரிசை உள்ள சமூகங்களும் உண்டு, அந்த வீட்டு வழக்கத்தைப் பின்பற்றுங்கள். நான்கு திசையும் வானமும் பூமியும் எவருடையதோ அவருக்கு என்பது ஒரு விளக்கம். தீய காற்றையும் தீய பனியையும் தடுக்க என்பது மற்றொன்று. விவசாயியின் நெஞ்சிலிருந்து வந்த விளக்கம் அது.

வேகமாக உலுக்க வேண்டாம், ஹதாஸ் இலை கொட்டிப்போகும். ஷப்பாத்தில் இதை எடுப்பதில்லை. 2026இல் முதல் நாளே சனிக்கிழமை என்பதால் ஞாயிறு காலைதான் தொடக்கம். முதல் நாள் கடமைக்குச் செடிகள் சொந்தமாக இருக்க வேண்டும், இரவல் போதாது. அதனால் நண்பருக்குக் கொடுப்பவர்கள் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அன்பளிப்பாகவே கொடுப்பார்கள்.

9. முதல் இரவும் மற்ற நாட்களும்

முதல் இரவு சுக்காவில் ஒலிவக்காய் அளவு ரொட்டியாவது சாப்பிடுவது கட்டாயம். அதன் பிறகு உணவு வேளைகள் எல்லாம் அங்கேயே. தண்ணீரும் பழமும் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளலாம், ஆனாலும் வெளியே கொண்டுபோகப் பழகினால் நன்றாக இருக்கும்.

கட்டி முடித்த களைப்பில் சுக்காவைச் சாப்பாட்டுக் கூடமாக மட்டும் வைத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. தோரா சொல்வது ஏழு நாள் குடியிருக்க. படியுங்கள், பேசுங்கள், சும்மா இருங்கள். குளிர் தாங்கினால் தூங்குங்கள். முதல் இரவு முழுநிலவு, தழையின் கீற்றுகள் வழியாக மேசையில் விழும்; ஏழாம் இரவுக்குள் அது தேய்ந்து, இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் எழும். நாள்தோறும் ஒரே நேரத்தில் வெளியே வந்து உட்கார்ந்தால் அந்த மாற்றம் கண்ணில் படும். அதற்கு ஒரு நாற்காலியைச் சரியான இடத்தில் போட்டு வைத்தாலே போதும்.

உஷ்பிசின் என்ற வழக்கத்தில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது ஆகியோரை இரவுக்கு ஒருவராக விருந்துக்கு அழைப்பார்கள். அவர்களோடு உயிருள்ள விருந்தாளி ஒருவரையும் அழையுங்கள், குறிப்பாகச் சொந்தமாகச் சுக்கா இல்லாதவரை.

10. மழை வந்தால்

சூப்பைக் கெடுக்கும் அளவுக்குத் துளி விழுந்தால் வீட்டுக்குள் போகலாம். மிஷ்னா கூழ் கெடும் அளவு என்கிறது. துன்பப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பக்தியாகாது. முதல் இரவு மட்டும் பலர் மழை விடும்வரை காத்திருப்பார்கள்.

கூரைக்கு மேல் மழைத் திரை வைத்திருப்பவர்கள் இரண்டை மறக்கக் கூடாது. தழை வேயும்போது திரை திறந்திருக்க வேண்டும். சாப்பிட உட்காரும் முன்பும் திறக்க வேண்டும், திரை மூடியிருக்கும்போது அது சுக்காவே அல்ல. திறக்க மறந்து அரை வேளை சாப்பாட்டை முடித்தவர்கள் உண்டு. கயிற்றை வாசலருகே கொண்டுவந்து கட்டிவிட்டால் உள்ளே நுழையும்போதே கை போகும்.

சுக்கோத் மழையை மிஷ்னா ஒரு வேலைக்காரனோடு ஒப்பிடுகிறது: எஜமானுக்குக் கிண்ணம் நிரப்ப வந்தான், அவரோ குடத்தை அவன் முகத்தில் வீசிவிட்டார். அதனால்தான் தண்ணீருக்கு மன்றாடும் இந்த ஏழு நாளும் மழையைக் கேட்பதில்லை. பண்டிகை முடிந்து எட்டாம் நாளான ஷெமினி அட்ஸெரெத்தில்தான் மழைக்கான ஜெபம் வருகிறது. இஸ்ரேலில் அன்றாட ஜெபத்தில் மழையை நேரடியாகக் கேட்பது அதற்கும் பிறகு, திஷ்ரிக்கு அடுத்த மாதமான ஹெஷ்வான் 7இல். ஜெருசலேமுக்கு வந்த யாத்திரிகரில் கடைசி ஆள் யூப்ரடீஸ் ஆற்றைச் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது காரணம். நனையப் போகிறவரை நினைத்து ஒரு நாடே தன் மழையைத் தள்ளிக் கேட்கிறது என்பதை நான் நினைத்து நினைத்து வியப்பேன்.

11. ஏழாம் நாள்: ஹோஷானா ரப்பா

இன்று ஜெபக்கூடத்தில் நான்கு செடிகளோடு ஏழு முறை வலம் வருவார்கள். பிறகு லூலாவ் கட்டை வைத்துவிட்டு, தனியாகக் கட்டிய ஐந்து ஆற்றுப்பாலைக் கிளைகளை எடுத்துத் தரையில் அடிப்பார்கள். இது லூலாவில் இருக்கும் இரண்டு கிளைகள் அல்ல, தனியாக வாங்க வேண்டும். இதைக் கடைசி நிமிடத்தில் தேடி ஓடுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ஐந்து முறை அடித்தால் போதும், எல்லா இலையும் உதிர வேண்டியதில்லை. சுவையும் மணமும் இல்லாத செடிக்கு இந்த நாள் முழுவதும் உரியது.

12. பிரித்து வைப்பது

பண்டிகை முழுதும் முடிந்த பிறகே பிரியுங்கள். கட்டிய வரிசையைத் தலைகீழாக்குங்கள்: முதலில் தழை, பிறகு கழி, கடைசியில் சுவர். தழையைக் குப்பையோடு குப்பையாக மிதித்துப் போடாமல் ஓர் ஓரமாக ஒதுக்கி வையுங்கள், ஒரு கடமைக்குப் பயன்பட்ட பொருள் அது.

எத்ரோக்கில் சிலர் ஜாம் செய்வார்கள், சிலர் கிராம்பு குத்தி ஷப்பாத் முடியும்போது முகர வைத்துக்கொள்வார்கள். காய்ந்த லூலாவைப் பஸ்கா வரை வைத்திருந்து, அதற்கு முந்திய காலையில் புளித்த மாவுப் பண்டங்களை எரிக்கும் நெருப்புக்குப் போடும் வீடுகள் பல.

மூங்கில் பாயை நனைந்தபடியே சுருட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் நிறுத்திக் காயவைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து அடுத்த ஆண்டு புதியதுதான் வாங்க வேண்டும். கட்டைகளுக்கு எண் போட்டு, எந்த மூலைக்கு எது என்று எழுதி, ஆணிகளையும் பட்டைகளையும் ஒரே பையில் போட்டு அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.